இதே நாளில் நல்லசாமி

காலை ஏழு நாற்பதுக்குப் புனிதா தன் அப்பாவின் மரணத்தை வானொலியில் அறிவித்தாள்.

மலேசியாவின் நீலாய் நகரில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் இணைய வானொலி அது. ‘இதே நாளில்’ அவளுடைய பகுதி. தினமும் மூன்று செய்திகள், எல்லாம் பாட்டுலகத்தைப் பற்றி. யாரோ ஒருவரின் முதல் இசைத்தட்டு, எங்கோ ஒரு குழு பிரிந்த நாள், யாருடைய சாவோ. பல வருடங்களாக அடுத்தவர்களின் நாட்களையே வாசித்துவந்தாள். ஆகஸ்ட் முதல் தேதியில் அப்பாவுக்கும் ஒரு வரி வேண்டும் என்று முதலாளி கெல்வினிடம் கேட்டு வாங்கியிருந்தாள்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று. நியூயார்க்கில் வங்காளதேச அகதிகளுக்காகப் பெரும் இசைக்கச்சேரி. எண்பத்தொன்று. நாள் முழுவதும் பாட்டுக் காட்சிகளையே காட்டும் தொலைக்காட்சி அமெரிக்காவில் தொடக்கம். எண்பத்தொன்பது. லிங்கி தோட்டத்துச் செவ்வந்தி இசைக்குழுவின் பாடகர் நல்லசாமி மறைவு.”

குரல் நடுங்கவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தேதி எதுவும் நினைவில் நிற்காது. அப்பாவுக்குப் படையல் ஆடி அமாவாசையில். புனிதாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். இந்த வருடத்துப் படையல் முன்பே முடிந்துவிட்டது. ஆனால் வானொலிக்கு ஒரு தேதி வேண்டும். அப்பா செத்த வருடத்தில் ஆடி அமாவாசை எப்போது வந்தது என்று கைப்பேசியில் தேடினாள். ஆகஸ்ட் ஒன்று. அதையே எழுதிக்கொண்டாள்.

அடுத்த பாட்டு முடிவதற்குள் நிலையத்துக்கு ஒரு அழைப்பு வந்தது.

“யாரும்மா, புனிதா நல்லசாமின்னா நம்ம நல்லசாமி மவளா? நான் ஹேமநாதன். உங்கப்பாகூட கித்தார் வாசிச்சவன்.”

“சொல்லுங்க மாமா.” அவரை அவள் பார்த்ததில்லை. மாமா என்று தானாக வந்தது.

“ஆகஸ்டுல செத்தாருன்னு சொன்னியே, யாரு சொன்னா?”

“ஆடி அமாவாசை மாமா. எங்க வீட்ல அன்னைக்குத்தான்...”

“அந்தத் தீபாவளிக்கு எங்ககூட மேடையில பாடினாரும்மா. ஆடிக்கு அப்புறந்தானே தீபாவளி?”

“அப்ப வருசத்தத் தப்பா சொல்லிட்டேன் போல.”

“வருசம் இல்லம்மா.” அவர் இருமினார். “போன வருசம்கூட மூவார்ல ஒரு கல்யாணத்துல பாடினாரு. நானே பாத்தேன். மைக்க விடவே இல்ல. பொண்ணு வீட்டுக்காரன் வந்து புடுங்கினான்.” சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார். “நீ அம்மாவக் கேளும்மா.”

அவள் கார்ச் சாவியை எடுத்தாள். படியில் கெல்வின் நின்றான்.

“என்ன, கம்ப்ளெயினா? மத்தியானம் அதே பகுதி மறுபடி போவுது. போடவா, வெட்டவா?”

“சொல்றேன் லா. கொஞ்சம் இரு.”

அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் சிரம்பானில் நெரிசல். வானொலியைப் போட்டாள், அணைத்தாள். கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள். ரந்தாவ் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. முந்தப் போய்ப் பின்வாங்கினாள். மறுபடி போனாள். எதிரே வந்த மோட்டார்க்காரன் திட்டிவிட்டுப் போனான்.

கோலா சாவா தோட்டத்தில் அம்மா தாயம்மா வாசலில் உட்கார்ந்து கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“பக்கத்து வீட்டுப் பஞ்சாலை வந்து சொன்னா, ரேடியோவுல பேரு வந்துச்சாமே. லயத்து வீடுங்க பூரா இதே பேச்சு.”

“நீ கேட்டியாம்மா?”

“எனக்கெதுக்கு? செத்தவரு செத்தவருதான்.”

புனிதா உட்காரவில்லை.

“ஹேமநாதன் மாமா கூப்பிட்டாரு.”

கீரை ஆய்வது நின்றது. பிறகு கை தொடர்ந்தது.

“அந்தக் கித்தாருக்காரனா? இன்னும் அதே வளவளப்புதானா?”

“அமாவாசையில செத்தாருன்னு எனக்கு யாரு சொன்னது?”

“நான் சொல்லல. நீயா நெனச்சுக்கிட்ட.”

அது உண்மை. அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

“செத்த தேதி தெரியாட்டி ஆடி அமாவாசைக்கு வைம்மான்னு பூசாரி சொன்னாரு. வச்சேன்.”

“தேதி தெரியாதா, செத்ததே தெரியாதா?”

“கத்தாத. பக்கத்து வீட்டுல காது இருக்கு.” தாயம்மா கூடையைத் தள்ளி வைத்தாள். “லிங்கியிலருந்து உன்னத் தூக்கிக்கிட்டு இந்தத் தோட்டத்துக்கு வந்தப்ப, புருசன் எங்கன்னு வேல வாங்குற மண்டோர் கேட்டான். ஓடிட்டாருன்னா அன்னைக்கே கதவத் தட்டியிருப்பான். செத்துட்டாருன்னேன். தாலியக் கழட்டிட்டுத்தான் வந்திருந்தேன். மறுநாளே வீடு குடுத்தான். அப்புறம் செத்தவருக்குப் படையல் போடாம இருக்க முடியுமா? லயமே பாத்துக்கிட்டு இருக்கு.”

“என்னைய வேற காக்காவக் கூப்பிட வச்சியேம்மா.”

“வடைய மட்டும் அள்ளி அள்ளித் தின்னல்ல? அப்பக் கேக்கல.”

புனிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காகக் கோபமும் வந்தது. கார் வரை நடந்தாள். திரும்பி வந்தாள்.

“மத்தியானம் மறுபடியும் போவுது. வெட்டச் சொல்லப்போறேன்.”

“எதுக்கு? போடட்டும். வெட்டினா ஏன்னு பஞ்சாலை கேப்பா. நான் என்னத்தச் சொல்ல?”

“பொய்யும்மா அது. என் குரல்ல போவுது.”

“இத்தன வருசம் என் கையால படையலாப் போச்சு. உனக்கு ஒரு நாளு வலிக்குதோ?”

கைப்பேசி அதிர்ந்தது. கெல்வின். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் எடுத்தாள்.

“வெட்டிடு. தேதி தப்பு.”

“சரியான தேதி என்னன்னு சொல்லு, மாத்திடலாம்.”

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

தாயம்மா கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். இலையையும் தண்டையும் பிரிக்காமல் ஒன்றாகவே சட்டிக்குள் போட்டாள். வேலியோரம் யாரோ மோட்டாரில் போனார்கள். சத்தம் அடங்கும்வரை காத்திருந்தவள், தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

“இன்னும் பாடுறாராமா?”