பதின்மூன்றுக்கு அப்பால்

சிவப்புப் பேனையை என் முன்னால் வைத்து, "வெட்டு" என்றார் கனகசிங்கம் சேர்.

வெட்டச் சொன்னது றிஸ்லாவுக்கு நான் போட்ட இரண்டு புள்ளிகளை. 1,000,001 முதன்மை எண்ணா என்பது கேள்வி. சேர் அச்சடித்த விடைத்தாளில் 'ஆம்' என்றிருந்தது. றிஸ்லா 'இல்லை' என்று எழுதி, பக்கத்தில் 101 × 9901 என்று போட்டிருந்தாள். அந்த இரண்டு புள்ளி இருந்தால் விசேட வகுப்பின் கடைசி இடம் அவளுக்கு. இல்லாவிட்டால் இல்லை.

கல்லடியில் சேர் நடத்தும், நான் படிப்பிக்கும் இந்த டியூட்டரியில் ஒரு வழக்கம் உண்டு. பதின்மூன்று வரை வகுத்துப் பார், மீதியில்லாமல் போகாவிட்டால் முதன்மை எண். பிள்ளைகள் அதை ராகம் போட்டுச் சொல்வார்கள். பரீட்சையில் வரும் சின்ன எண்களுக்கு அது போதும். 289க்கே போதாது, அது பதினேழின் வர்க்கம். இந்த முறை சேருக்கு எடுப்பாக ஒரு பெரிய எண் வைக்கும் ஆசை வந்திருக்கிறது. வைத்துவிட்டு அவரும் பதின்மூன்றோடு நின்றுவிட்டார்.

"சேர், நூற்றியொண்டால போகுது. பெருக்கிப் பாருங்க."

"பாத்துட்டன்."

சேர் பேனையை இன்னும் என் பக்கம் தள்ளினார்.

"பன்னிரண்டு டியூட்டரிக்கு இதே விடைத்தாள் போயிட்டு, புள்ள. இப்ப போய்ப் பிழையெண்டு சொல்லவா? ஒரு புள்ளைக்காக?"

"அந்த ஒரு புள்ளதானே சேர் சரியா எழுதியிரிக்கு."

"பட்டத்த இஞ்ச காட்டாத கம்சாயினி. கடற்கரைக்குப் போய்ப் பார், கச்சான் கடலை விக்கிறவனும் பட்டதாரிதான்."

எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா வாவியில் வலை வீசித்தான் என்னைக் கணிதம் படிக்க வைத்தார். மூன்று வருடமாக அரச நியமனம் வரவில்லை. எங்கள் ஊர் குருக்கள்மடத்தில் பஸ் ஏறும்போதெல்லாம் யாராவது, "இன்னும் கிடைக்கல்லையாகா?" என்று கேட்பார்கள். இந்த டியூட்டரி வேலையும் போனால் அந்தக் கேள்விக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

வெட்டினேன். இரண்டைச் சுழியமாக்கினேன். என் கைதான், வேறு யாருடைய கையும் இல்லை.

வகுப்பில் தாள்களைக் கொடுத்தேன். றிஸ்லா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தாளோடு மேசைக்கு வந்தாள்.

"மிஸ், இதுல எங்க பிழை?"

"நீ எப்பிடிக் கண்டுபிடிச்ச?"

"பதின்மூண்டுல நிப்பாட்ட மனமில்ல மிஸ். பதினேழு, பத்தொம்பது, இருபத்திமூண்டு எண்டு போனன். அப்பிடிப் பத்தொம்பது எண் பாத்தும் சரிவரல்ல. இருபதாவது நூற்றியொண்டு. அதுக்குள்ள நேரம் போயிட்டு, கடைசி ரெண்டு கேள்வியும் செய்யல்ல."

பின்வாங்கில் ஒருத்தி, "பதின்மூண்டால போகாட்டி முதன்மைதானேடி, லூசு" என்றாள். வகுப்பே சிரித்தது. றிஸ்லா சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெண்கட்டியை எடுத்தேன். கரும்பலகையில் 9901 என்று எழுதினேன். அதன் கீழே 101. பக்கத்தில் பெருக்கல் குறி.

"கம்சாயினி" என்றது வாசலிலிருந்து சேரின் குரல். நான் திரும்பவில்லை.

கீழே நீளமாக ஒரு கோடு கீறினேன். விடை எழுதவில்லை. முதுகுக்குப் பின்னால் சிரிப்பு அடங்கியது. கொப்பித் தாள்கள் புரண்டன. பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக, பேனைகள் ஓடும் சத்தம்.