முள் இல்லாத தாய்

அக்காவும் தங்கையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பது வெளியிலிருந்து பார்க்க அழகுதான். உள்ளே இரண்டு பேருக்கும் ஒரே நுண்ணோக்கி என்றால் மாமியார் மருமகள் சண்டையே தேவலை. ஆனாலும் அக்கா அதில் குனிந்துவிட்டால் தங்கை வாயைத் திறக்க மாட்டாள். ஒரு சொட்டுக் குளத்து நீரில், கண்ணுக்கே எட்டாத ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்கள் தலையில் சக்கரம் சுற்றுவது போல மயிரை அடித்துக்கொண்டு ஓடும். அவற்றின் மேலோட்டின் வடிவத்தையும் தாடையையும் பார்த்தே அக்கா இனம் பிரித்துவிடுவாள். தங்கைக்குப் பொறாமை வந்ததில்லை, பெருமைதான்.

அந்த அக்கா கண்டுபிடித்துச் சொன்ன புதிய இனம் ஒன்றே ஒன்று. ஓட்டின் பின்மூலைகளில் இரண்டு நீண்ட முட்கள் கொண்டது. எந்த நாட்டில் அதைக் குறிப்பிட்டாலும் பெயருக்குப் பின்னால் அக்காவின் பெயரும் நிற்கும்.

அதற்குத்தான் இப்போது தங்கை வேட்டு வைத்துவிட்டாள். முள்ளே இல்லாத சாதாரண ரோட்டிஃபர்களைக் குப்பியில் வளர்த்துக்கொண்டிருந்தவள், தண்ணீர் வற்றுகிறதே என்று பக்கத்துக் குப்பித் தண்ணீரை வடிகட்டி ஊற்றினாள். அந்தப் பக்கத்துக் குப்பியில் இருந்தது இவற்றைப் பிடித்து விழுங்கும் பெரிய ரோட்டிஃபர். அடுத்து வந்த குஞ்சுகள் எல்லாம் முள்ளோடு வந்தன. அக்கா வரைந்த படத்தோடு வைத்துப் பார்த்தாள். அச்சு அசல் அதுவே.

அப்படியானால் அக்காவின் புதிய இனம் தனி இனமே இல்லை, இந்தச் சாதாரண ரோட்டிஃபர்தான் என்று தங்கைக்குப் புரிந்தது. கமுக்கமாகக் குப்பியைக் கழுவிக் கவிழ்த்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு, அக்காவின் கண்ணுக்கு முன்னால் மறைத்தால் அதைவிடப் பாவம் இல்லை என்று போய்ச் சொல்லிவிட்டாள்.

அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வடிகட்டிய வலையைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டாய், எல்லாம் கலந்திருக்கும் என்று எரிந்து விழுந்தாள். பிறகு அவளே அந்தக் குப்பியிலிருந்து ஒரு தாயை எடுத்தாள். அதன் பின்னால் முட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் குனிந்தே இருந்தாள். முட்டை உடைந்தது. மகள் முள்ளை விரித்துக்கொண்டு நீந்திப் போயிற்று. தாய்க்கு முள்ளே இல்லை.

அக்கா வெகு நேரம் நிமிரவில்லை. அழுகிறாளோ என்று தங்கைக்குப் பதறியது.

"ஆபத்து வாசனை பட்டது அம்மாவுக்கு," என்றாள் அக்கா, மெதுவாக. "முள்ளு முளைச்சது பொண்ணுக்கு. என்ன கெட்டிக்காரிடி இவ."

"அக்கா, உன் பேரு..."

"போனா போகட்டும். நான் பொண்ணை மட்டும்தான் வரைஞ்சேன். அம்மாவைப் பார்க்கவே இல்லை."

தாளை இழுத்துப் பென்சிலைச் சீவினாள். ஒரே தாளில் தாயையும் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தாள், ஒரு முள்ளின் வளைவுகூடத் தப்பாமல். இரண்டுக்கும் அடியில் ஒரே பெயரை எழுதினாள். அது அவள் வைத்த பெயர் இல்லை.