தாய் நக்காத குட்டிகள்

குட்டி போட்ட கையோடு ரோசா என்ற வெள்ளாட்டுக்கு முன்னங்கால் மூட்டு வீங்கியது. அதை வளர்க்கும் குட்வைக் மூட்டைத் தடவிப் பார்த்தாள். பழைய நோயாக இருக்குமோ என்று மற்ற மூட்டுகளையும் அழுத்திப் பார்த்தாள். மூட்டைக் கெடுத்து, மடியை வற்றவைத்து, சீம்பால் வழியே குட்டிக்கும் இறங்குகிற அந்த வைரஸை நார்வேயின் மலைச்சரிவில் ஆடு வளர்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

கால்நடை மருத்துவர் சன்னிவா எடுத்த முதல் ரத்தச் சோதனை இரண்டுங்கெட்டானாக வந்தது. அதனால் ரத்தத்தோடு மூட்டு நீரையும் எடுத்து பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பினாள். வைரஸின் மரபணு இம்மி அளவு இருந்தாலும் அதைப் பெருக்கிக் காட்டிவிடுமாம்.

"இருந்துட்டா மறுபடி முதல்லேருந்தா?" என்றார் ஒட்வார், குட்வைக்கின் கணவர். "எனக்கு இனிமே தெம்பு இல்லம்மா."

முடிவு வரும்வரை குட்வைக்கின் மனம் கல்யாணமான வருடத்து வசந்தத்திலேயே கிடந்தது. அப்போது மந்தை முழுக்க அந்த நோய். மருந்து கிடையாது. தாய் நக்குவதற்குள் குட்டியைப் பிடித்துவிட வேண்டும். பசுவின் சீம்பால் கொடுத்துத் தனியே வளர்க்க வேண்டும். தாய் ஆடுகளைக் கசாப்புக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அவள் துண்டை விரித்து ஏந்துவாள், ஒட்வார் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார். சமையலறை நிறையக் காலி வாழைப்பழ அட்டைப்பெட்டிகள், பெட்டி நிறையக் குட்டிகள். பால்புட்டியைப் பிடித்தபடி அவர் நின்றுகொண்டே தூங்கிப்போவார். அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் முட்டும். உடம்பு ஓய்ந்துபோன அந்த நாட்களைப்போல் அவள் பிறகு சந்தோஷமாக இருந்ததில்லை.

கடைசியில் லாரி வந்தது. ஆடுகளை ஏற்றிவிட்டு, கைகழுவி, வேலிக்கம்பு வாங்கப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டார் ஒட்வார். கல்நெஞ்சு என்று அன்று அவள் நினைத்துக்கொண்டது உள்ளே அப்படியே தங்கிவிட்டது. இப்போது, காப்பி ஊற்றும்போது, அன்று எப்படிக் கம்பு வாங்கப் போக முடிந்தது என்று கேட்டும்விட்டாள்.

ஒட்வார் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கம்பு வாங்கப் போகல. லாரி பின்னாடியே படகுத்துறை வரைக்கும் போனேன். என் குரல் கேட்டா ஆடுங்க கத்தமாட்டாங்க இல்ல? லாரியை ஏத்திக்கிட்டு படகு கிளம்புற வரைக்கும் பக்கத்துல நின்னு பேசிட்டு இருந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அழுதுட்டு இருந்தே. நானும் அழுதா குட்டிங்களுக்குப் பால் யாரு குடுப்பா?"

அவள் எழுந்துபோய் அவர் தோளில் கைவைத்தாள். அந்தக் கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

மறுநாள் காலை சன்னிவா தொலைபேசியில் அழைத்தாள். வைரஸ் ரத்தத்திலும் இல்லை, மூட்டு நீரிலும் இல்லை; பாறையில் அடிபட்ட வீக்கமாகத்தான் இருக்கும். நிச்சயத்துக்குக் கோடையில் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்றாள். குட்வைக் ஒட்வாரைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

ஒட்வார் அப்போதே தொழுவத்துக்குப் போய் ரோசாவின் காலுக்குக் கட்டுப்போட உட்கார்ந்தார். அது அவர் தொப்பியைக் கவ்வி இழுத்தது.

"நல்லாத்தான் இருக்கா," என்றார், தொப்பியை விடுவிக்காமலே.