படத்தில் இல்லாதது

கிழிந்த சிவப்புத் தாளைக் கோதுமைப் பசை தடவி வாசற்கதவில் மறுபடி ஒட்டப் பார்த்தாள் வென்ச்சிங். ஒட்டவில்லை. புத்தாண்டுக்கு அம்மா தன் கையால் எழுதி ஒட்டிய வாழ்த்து வரிகள், மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து மொறமொறத்திருந்தன. சித்தப்பா ஒரே இழுப்பில் கிழித்ததில் பாதி தூளாக உதிர்ந்தது, பாதி அவர் காலடியில் கிடந்தது.

"சாவு விழுந்த வீட்டுல சிவப்பு இருக்கலாமா? பார்த்ததும் கை தானாப் போயிடுச்சு," என்றார் அவர்.

"சாவு விழுந்த வீடுன்னு உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாது சித்தப்பா. மெதுவாப் பேசுங்க. துக்கத்துக்குக் கட்டின அந்தக் கறுப்புப் பட்டையையும் கையிலேர்ந்து அவுத்துடுங்க."

தம்பி ஹாய்தாவ் ஓட்டிய லாரி மேற்கே மலைப்பாதையில் உருண்டு ஒரு வாரம் ஆகிறது. போய் எரித்துச் சாம்பலைக் கொண்டுவந்தவர் சித்தப்பாதான். அம்மாவிடம், அவன் லோடு ஏற்றிக்கொண்டு தூரம் போயிருக்கிறான், சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு ஈரலில் புற்று. ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். போகிற உயிர் நிம்மதியாகப் போகட்டுமே என்பது எல்லோருடைய எண்ணமும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். அதுவும் யாரிடம்? வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து வரைந்தே சீன மொழி சொல்லிக்கொடுத்த மனுஷியிடம். ஒரு கோடு கோணினால் அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பிடித்துவிடுவாள்.

மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நடமாடுவதுபோல இருந்தது வென்ச்சிங்குக்கு.

அந்த நேரம் பார்த்து சைக்கிள் மணி. கஜகஸ்தான் பெண் சல்தனத். கல்லூரியில் படிப்பவள், வாரம் தவறாமல் வருவாள். வந்ததும் கதவிலுள்ள வரிகளை உரக்கப் படித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். அதுதான் முதல் பாடம். இன்று கதவைப் பார்த்து வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"இன்னிக்கு வகுப்பு வேண்டாம்மா, போயிட்டு..."

"சல்தனத்தா? உள்ள வா," என்றது உள்ளிருந்து குரல். "நான் இன்னும் சாகலை."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். வென்ச்சிங் பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெண்ணின் பின்னால் உள்ளே போனாள்.

அம்மா தலையணைகளில் சாய்ந்து, மடியில் பலகையை வைத்திருந்தாள். முகம் மஞ்சளாகிவிட்டது. கை மட்டும் அவளுடைய கையாகவே இருந்தது. ஒரு படகு, அதிலிருந்து தொங்கும் ஒரு கயிறு, அவ்வளவுதான் வரைந்தாள். மிச்சத் தாள் முழுக்க வெள்ளை. படத்தில் இருப்பதைச் சொல்ல யாரும் சொல்லிவிடுவார்கள், இல்லாததைச் சொல்லத்தான் மொழி வேண்டும் என்பது அவள் கட்சி.

"ம், சொல்லு."

"ஆறு இருக்கிறது," என்றாள் சல்தனத், பாடப் புத்தகம் போல. "மூடுபனி இருக்கிறது. படகுக்காரன் இல்லை. அவன் வீட்டிற்குப் போயிருக்கிறான்."

"வீட்டுக்குத்தான் போனான்னு எப்படித் தெரியும்?"

பக்கத்தில் உட்கார்ந்து கல்லில் மைக்கட்டியை உரைத்துக்கொண்டிருந்த வென்ச்சிங் நிறுத்திவிட்டாள்.

"சரி, படம் போதும். இப்ப இந்த வீட்டைச் சொல்லு. போன வாரம் இருந்தது, இன்னிக்கு இல்லாதது."

பதில் கையிலிருந்த சந்தோஷத்தில் சல்தனத் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வாசலில் சிவப்புத் தாள்கள் இருந்தன. இன்று இல்லை."

"காத்துல கிழிஞ்சிடுச்சும்மா," என்றாள் வென்ச்சிங், கேட்பதற்கு முன்பே.

ஜன்னலுக்கு வெளியே கால்வாய்க்கரை மரத்தில் ஓர் இலை அசையவில்லை. அம்மா அந்த மரத்தைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். கையிலிருந்த தூரிகையைக் கீழே வைக்காமலே, "முத்திரையை எடு," என்றாள்.

படங்களில் கையெழுத்தாக வைக்கும் அம்மாவின் கல் முத்திரையையும் சிவப்பு மைச் சிமிழையும் வென்ச்சிங் கொண்டுவந்தாள்.

"இது இல்ல. அடித்தட்டுல நீல மை இருக்கும்."

அப்பா இறந்த வருஷம் எடுத்தது அது. அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. "அது காஞ்சு போயிருக்கும்மா."

"விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடு. இளகிடும்."

விட்டாள். ஒரு சொட்டு மூன்று சொட்டாகிவிட்டது. அம்மா முத்திரையை அதில் ஒற்றி, படகுக்குக் கீழே அழுத்தினாள். நீலம் எண்ணெயோடு கசிந்தது.

"ஆசிரியரே, எப்போதும் சிவப்பு வைப்பீர்கள். இன்று ஏன் நீலம்?"

"வீட்டுல ஒருத்தர் செத்துட்டா நாங்க சிவப்பு வைக்க மாட்டோம். நீலம்தான்."

சல்தனத்தின் முகம் சுருங்கியது. "யார் இறந்தார்கள்?"

"என்னைக் கேட்டா? எனக்கு யாரும் சொல்லலையே. அவளைக் கேளு. அக்கான்னு கூப்பிட்டு, மரியாதையாக் கேளு."

பெண் எழுந்து நின்று, வென்ச்சிங்கின் பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்கள் வீட்டில் இறந்தவர் யார்?"

வாசலில் சித்தப்பா தொண்டையைச் செருமினார், உள்ளே வரவில்லை. ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த பொய்களில் ஒன்றுகூட வென்ச்சிங்கின் வாய்க்கு வரவில்லை.

"என் தம்பி," என்றாள்.

அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. மகளிடம் கேட்டாள். "சாப்பிட்டிருந்தானா?"

"தெரியலைம்மா."

"ம்." மூச்சு விட்டு விட்டு வந்தது. "சல்தனத், துக்க வீட்டுல என்ன சொல்லணும்? துக்கத்தை அடக்கிக்கோங்கன்னு சொல்லணும். அவகிட்ட சொல்லு."

சல்தனத் அழுதுகொண்டே சொன்னாள்.

"கடைசிச் சொல்லோட சுரத்தைக் கீழ விடாதே. மேலேயே நிறுத்து. இன்னொரு தடவை."

சொன்னாள். கட்டிலிலிருந்து பதில் இல்லை. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று மறுபடியும் சொன்னாள், இந்த முறை இன்னும் நிறுத்தி, இன்னும் மெதுவாக. சொல்லிவிட்டு ஆசிரியையின் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"சரியாத்தான் சொல்றே," என்றாள் வென்ச்சிங்.

மூச்சு நின்றுபோன அம்மாவின் விரல்களுக்கிடையிலிருந்து தூரிகையை மெல்ல உருவி, மயிர் காய்ந்துவிடாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். தண்ணீர் மெதுவாகக் கறுத்தது.