பெட்டிக்குள் போன விண்ணப்பம்

இன்றுதான் கடைசி நாள், நாலு மணிக்கு மேல் விண்ணப்பம் வாங்க மாட்டார்கள். மணி இரண்டாகிவிட்டது. வீட்டில் காகிதத்தைக் காணோம்.

பாயை உதறினேன், அரிசிப் பானைக்குள்ளும் கைவிட்டுத் துழாவினேன். உத்தமபாளையத்தில் நான் படித்த பள்ளியிலேயே பதினொன்றாம் வகுப்பு, கணக்கும் இயற்பியலும் உள்ள பிரிவில் சேர்வதற்கான விண்ணப்பம் அது. அம்மா வேலைக்குப் போகும் திராட்சைத் தோட்டத்து மோட்டார் சில நாள் ஓடாமல் உறுமும். ஏன் என்று அங்கே தண்ணீர் பாய்ச்சும் மொக்கைச்சாமி அண்ணனைக் கேட்டால், "அது அப்படித்தான் தாயி" என்பார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

தகரப்பெட்டி பூட்டியிருப்பதைப் பார்த்ததும்தான் உறைத்தது. விண்ணப்பத்தில் பள்ளி முத்திரை இருந்தது. முத்திரை குத்திய காகிதம் எதுவானாலும் அம்மா பெட்டிக்குள் வைத்துவிடுவாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபத்து மூன்றில் கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. பெட்டியில் அவளுடைய பாஸ்போர்ட் இருந்தது. அதில் பிள்ளை என்று என் பேர் ஒரு வரி, அவ்வளவுதான்.

காமயகவுண்டன்பட்டித் தோட்டத்துக்கு ஓடினேன். அம்மா பந்தலில் திராட்சைக் கொடி கட்டிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, சாவியக் குடு. அந்தக் காகிதத்த இன்னைக்கே குடுக்கணும்."

"திருப்பித் தருவாகளா?"

"தரமாட்டாக."

"அப்பக் குடுக்கக் கூடாது. ஒங்கப்பன் சீட்ட அங்கன ஒரு ஆபீசுல வாங்குனாக. இன்னும் தரல."

இந்தியாவுக்கு வர அனுமதிக்கும் அந்தச் சீட்டுக்காகத்தான் அப்பா சிலோனிலேயே நின்றுபோனார். ஆறு வருடமாகச் சீட்டும் வரவில்லை, அவரும் வரவில்லை. அது தெரிந்தும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அப்பா மாதிரி என்னையும் ஒரே இடத்துல நிப்பாட்டிப் போடு" என்றேன்.

அம்மா கையிலிருந்த நாரைக் கீழே போட்டாள். வீட்டுக்கு நடந்து, பெட்டியையே தலையில் தூக்கிக்கொண்டாள்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர், "யாருக்குக்கா சீரு?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சின்னமனூர் வண்டி ஒன்று முந்திப் போனதற்குக்கூட எனக்குக் கோபம் வந்தது.

பள்ளி அலுவலகத்தில் மணி நாலாக எட்டு நிமிடம் இருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். காகிதத்தை நீட்டினாள், பிடியை விடவில்லை.

"ரசீது குடுங்க."

"விண்ணப்பத்துக்கெல்லாம் ரசீது கிடையாதும்மா" என்றார் கிளார்க் ஏசுதாசன்.

"அப்பக் காகிதமும் கிடையாது."

எனக்கு மானம் போயிற்று. கடிகாரத்தையே பார்த்தேன். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுத்தாளில் ஏதோ எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

"இதுல எம் மக பேரு இருக்கா?"

"இருக்கும்மா. கிருபாவதி, இயற்பியல் பிரிவு, விண்ணப்பம் பெறப்பட்டது."

அப்புறம்தான் பிடியை விட்டாள். துண்டுத்தாளைப் பாஸ்போர்ட்டுக்கு மேலே வைத்துப் பூட்டினாள். அந்தப் பெட்டியில் எனக்கென்று இருந்த முதல் காகிதம் அதுதான்.

திரும்பும் பஸ்ஸில் சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தாள்.

"அன்னைக்கு அந்த ஆபீசுலயும் நான் ரசீது கேட்டிருக்கணும்டீ" என்றாள்.