அஞ்சு மணி வண்டி

"ஹீட்டர் பிளக்குதான்னு சொல்றேன்ல."

"செவ்வாய்க்கிழமையும் இதேதான் சொன்ன. நாலையும் மாத்தின. எடுத்துச்சா?"

"அப்ப பேட்டரி..."

"அதுவும் புதுசு. நான் சொல்றதைக் கேக்காதே, சாவியைத் திருகித் திருகி உன் மணிக்கட்டை ஒடிச்சுக்கோ."

"நீ கொஞ்சம் வாயை மூடினா வண்டி என்ன சொல்லுதுன்னு எனக்குக் கேக்கும், லாலி."

"அது எங்க சொல்லுது? டக்குங்குது. அதுக்கு மேல அதுக்கு நம்மகிட்டப் பேச்சே இல்ல."

முற்றத்து மினிபஸ்ஸின் கண்ணாடி முழுக்க உறைபனி உப்புப் பூத்தாற்போலப் படிந்திருந்தது. மணி நாலு. ஓட்டுநர் இருக்கையில் இலாரியோன், காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பியோடு. வெளியே அவர் மனைவி எவுலாலியா, அவருக்கு லாலி, ஒரு கையில் டார்ச், மறு கையில் தகரடப்பா. டப்பாவில் லாமா விலங்கின் காய்ந்த சாணியை எரித்த கங்கு. அதை எஞ்சினுக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். வண்டிக்குத் தன் கல்யாணக் கம்பளியைக்கூடப் போர்த்திப் பார்த்தாகிவிட்டது.

"பூமித்தாய்க்குப் பீர் வார்க்கிறதை என்னைக்கு நிறுத்தினியோ, அன்னைக்குப் பிடிச்சது பீடை" என்றாள்.

"நான் நிறுத்திப் பதினாலு மாசம் ஆச்சு. போன மாசம்வரை நல்லாத்தானே ஓடுச்சு? அப்பல்லாம் உன் பூமித்தாய் தூங்கிட்டா இருந்தா?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொல்ல முடியாது.

இலாரியோன் ஜெபக்கூட்டக்காரராக மாறியதிலிருந்து குடியை விட்டார், திருவிழாவை விட்டார், வெள்ளிக்கிழமை சக்கரத்துக்குப் பீர் வார்ப்பதையும் விட்டார். எவுலாலியா சரி என்றுதான் இருந்தாள். ஆனால் மார்ச் மாத மூடுபனியில் கணவாயில் வண்டி வழுக்கி, முன்சக்கரம் ஒன்று பள்ளத்துக்கு மேலே தொங்கியது. அன்று அவர் வீட்டுக்கு வந்து சூப்பைத் தொடாமல் படுத்தார். மறு வெள்ளிக்கிழமை அவர் ஜெபத்துக்குப் போன சமயம் பார்த்து அவள் ஒரு பாட்டில் பீர் வாங்கிவந்தாள். சக்கரத்தில் ஊற்றினால் வாடை காட்டிக்கொடுக்கும், பானட்டின் மேல் ஊற்றினால் பிசுக்கு காட்டிக்கொடுக்கும். அதனால் பானட்டைத் திறந்து உள்ளே ஊற்றி, வழக்கப்படி பூவிதழும் வண்ணக்காகிதமும் தூவினாள். அன்றிலிருந்து ஒரு வெள்ளி தவறவில்லை. நேற்று மட்டும் இரண்டு பாட்டில், சர்க்கரை கரைத்து.

இரண்டு பாட்டிலுக்குக் காரணம் இருந்தது. ஊர்ச் சதுக்கத்திலிருந்து எல் ஆல்ட்டோ நகரத்துக்குப் போகும் முதல் டர்ன், அஞ்சு மணி டர்ன், பதினோரு வருஷமாக இலாரியோனுடையது. பாலாடைக்கட்டிக்காரிகள் அந்த வண்டிக்குத்தான் கூடையோடு காத்திருப்பார்கள். ஒரே மாசத்தில் மூன்று நாள் தவறினால் டர்ன் அடுத்தவனுக்கு என்பது மினிபஸ் ஓட்டுநர் சங்கத்துச் சட்டம். உறைபனி கடுமையாக விழுந்த செவ்வாய் போனது, வியாழன் போனது. இன்று சனி. அடுத்தவனான எவரிஸ்தோ நேற்றே வண்டியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டானாம். டர்ன் கைமாறினால் இலாரியோனுக்கு மத்தியான வண்டிதான். காலி சீட்டுகளை இழுத்துக்கொண்டு போய்வரும் வேலை. அறுபத்துமூன்று வயதில் அந்த மனுஷன் நிமிர்ந்து நடப்பது அந்த அஞ்சு மணியின் பலத்தில்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் பொலிகார்ப்போவைக் கூட்டிட்டு வர்றேன்" என்றாள்.

"வேணாம்."

"அவருதானே இந்த வண்டிக்கு ஞானத்தகப்பன்? மாலை போட்டுப் பேர் வச்சவரு. புள்ளைக்கு உடம்பு முடியலைன்னா ஞானத்தகப்பனைக் கூப்பிடாம யாரைக் கூப்பிடறது?"

"அவன் பொண்ணு கல்யாணத்துல குடி இருக்குன்னு நான் போகலை. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

"உன் மூஞ்சி இங்கயே இருக்கட்டும். என் மூஞ்சிய எடுத்துட்டுப் போறேன்."

நாலு வீடு தள்ளித்தான் பொலிகார்ப்போ. சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் மனைவியின் சால்வை, கையில் ஸ்பேனர் பை என்று வந்து சேர்ந்தார். கல்யாணப் பேச்சை விட்டுவிட்டு நேரே வண்டியிடம் போனார்.

"எத்தனை மணிக்கு எடுக்குது?"

"பத்து மணிக்கு, வெயில் பட்டதும். தொட்டா எடுக்குது" என்றார் இலாரியோன், ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு.

"நல்லவேளை இருட்டோட கூப்பிட்டீங்க. வெயில் வந்தா இந்த நோய் ஒளிஞ்சுக்கும். சாவியைப் போடு. லைட் எரியுதா?"

"எரியுது."

"திருப்பு."

டக்.

"லைட்டு?"

"அணையுது. சாவியை விட்டா மறுபடி எரியுது."

"அப்புறம் எதுக்குய்யா ஹீட்டர் பிளக்கை மாத்தின? டீசல் உறைஞ்சாலும் பிளக் போனாலும் செல்ஃப் சுத்தும், எஞ்சின் பிடிக்காது, அவ்ளோதான். இங்க செல்ஃபே சுத்தலை. இது பசியில்ல, தொண்டை அடைப்பு. கரண்டு கிளம்புது, போய்ச் சேரலை."

"பேட்டரி புதுசு."

"ஊத்து புதுசா இருந்து என்ன, வாய்க்கால் அடைச்சிருந்தா? பானட்டைத் திற. கொமாத்ரே, லைட்டை இப்படிப் பிடிங்க."

எவுலாலியா டார்ச்சைப் பிடித்தாள். ஞானத்தகப்பன் முறையில் அவளைக் கொமாத்ரே என்றும் இலாரியோனைக் கொம்பாத்ரே என்றும்தான் அவர் கூப்பிடுவார். பொலிகார்ப்போ பையிலிருந்து தடித்த கேபிள் ஒன்றை எடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் கவ்வவிட்டார், மறு முனையை எஞ்சின் இரும்பில்.

"இப்பத் திருப்பு."

செல்ஃப் உறுமிக்கொண்டு சுற்றியது. முற்றத்துக் கோழிகள் விழித்துக்கொண்டன.

"நிறுத்து, நிறுத்து. பாத்தியா? நான் போட்ட வழியில போகுது. அதோட சொந்த வழியிலதான் கோளாறு." நெகட்டிவ் வயர் போன பாதையில் விரலை ஓட்டிக்கொண்டே கீழே குனிந்தார். வயர் எஞ்சினோடு முடுக்கியிருந்த இடத்தில் விரல் நின்றது. "அடடா. இங்க ஒரு மிட்டாய்க்கடையே இருக்கு."

போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகக் கெட்டித்துப்போன ஏதோ ஒன்று. அவர் நகத்தால் சுரண்டினார், மோந்தார். மறுபடி மோந்தார். பாகில் ஒட்டிய வண்ணக்காகிதத் துணுக்கு ஒன்றும், சிவப்புக் கார்னேஷன் இதழ் ஒன்றும் விரலோடு வந்தன.

"கொம்பாத்ரே" என்றார் மெதுவாக, "நீ விட்ட குடியை வண்டி பிடிச்சிக்கிச்சா?"

இலாரியோன் இறங்கி வந்தார். அந்த விரலைப் பார்த்தார். டார்ச் வெளிச்சம் போல்ட்டை விட்டு அவர் பூட்ஸுக்கு இறங்கியது. இத்தனை நாளும் அந்த மனுஷனைக் காப்பாற்றுவதாக நினைத்து, வாராவாரம் தன் கையாலேயே வண்டியின் தொண்டையை எவுலாலியா அடைத்திருக்கிறாள். நேற்று மட்டும் இரண்டு பாட்டில்.

வாயைத் திறந்தாள். வார்த்தை வருவதற்குள் இலாரியோன் முந்திக்கொண்டார்.

"நான்தான் ஊத்தினேன்."

பொய்க்கு நாக்கு எரியும் என்று பேரக்குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மனுஷன்.

பொலிகார்ப்போ சிரிக்கத் தொடங்கினார். சத்தம் வராத சிரிப்பு, சால்வை மட்டும் குலுங்கியது. "ஜெபமும் பண்ணுவே, பீரும் வார்ப்பே. ரெண்டு கடையிலயும் கணக்கு வச்சிருக்க. உங்க பாஸ்டருக்குத் தெரியுமா?"

"உன் வாயிலேருந்து போனாத்தான் தெரியும்."

"என் வாயை விடு. ஊத்தறவன் அளவா ஊத்தமாட்டானா? கழுத்துவரை குளிப்பாட்டியிருக்க."

"பயமா இருந்துச்சு" என்றார் இலாரியோன். "கணவாய்ல வழுக்கினதுக்கு அப்புறம். அதான்." சொல்லும்போது அவர் எவுலாலியாவைப் பார்க்கவில்லை.

மணி நாலு முப்பத்தைந்து.

"சரி, பாவமன்னிப்பு அப்புறம். குளிர்ல எஞ்சின் ஆயில் கெட்டியாயிடும், செல்ஃபுக்கு நிறையக் கரண்டு வேணும். இந்தப் பாகு கொஞ்சந்தான் விடும். பத்து மணிக்குக் கொஞ்சமே போதும், அதான் சமத்துப் புள்ளையா எடுக்குது. கொமாத்ரே, கொதிக்கிற தண்ணி இருக்கா?"

அடுப்பில் கோக்கா இலைத் தேநீருக்கு வைத்த கெட்டில் இருந்தது. எவுலாலியா ஓடிப்போய் அதை அப்படியே தூக்கிவந்தாள். பொலிகார்ப்போ காட்டிய இடத்தில் சிறுகச் சிறுக ஊற்றினாள். கெட்டித்திருந்தது நுரைத்துக் கரைந்து ஓடியது. போல்ட்டைக் கழற்றி, வயர் முனையை உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, மறுபடி முடுக்கி, மேலே லாமாக் கொழுப்பைத் தடவினார் பொலிகார்ப்போ. நடுவில் இலாரியோனின் கையைத் தட்டிவிட்டு, "என் ஞானப்புள்ளை, நான் பாத்துக்கறேன். நீ போய் உக்காரு" என்றார்.

இலாரியோன் உட்கார்ந்தார். கண்ணை மூடி உதட்டை அசைத்தார். சாவியைத் திருப்பினார்.

செல்ஃப் இரண்டு சுற்றுச் சுற்றியது. எஞ்சின் இருமியது, வெள்ளையாய்ப் புகை கக்கியது, பிடித்துக்கொண்டது.

"நாலு ஐம்பது. எவரிஸ்தோவுக்குக் காலை வணக்கம் சொல்லு" என்று பொலிகார்ப்போ பையைச் சுருட்டினார். "கொமாத்ரே, கெட்டில்ல மிச்சம் இருந்தா எனக்கு ஒரு வாய் குடுங்க. வண்டி குடிச்சாச்சு, ஞானத்தகப்பன் குடிக்கலை." கேட்டுவிட்டு, தானே ஒரு கோப்பையைத் தேடிக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

முற்றத்தில் இருவர் மட்டும். எவுலாலியா கண்ணாடியின் உறைபனியைத் தகரத்தால் சுரண்டினாள். தேவையான இடத்தையும் தாண்டி மூலைமுடுக்கெல்லாம் சுரண்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போ. நேரமாச்சு" என்றாள். "இலாரியோன், நான் வந்து..."

அவர் ஜன்னலை இறக்கினார். கையை நீட்டி, அவள் தோளில் ஒட்டியிருந்த பனித்தூளைத் தட்டிவிட்டார். கியரைப் போட்டார். வண்டி நகர்ந்தது. வாசல் கல்லைத் தாண்டியதும் பிரேக்கை மிதித்துத் தலையை வெளியே நீட்டினார்.

"அடுத்த வெள்ளி ஊத்தறதா இருந்தா வெளியிலயே, சக்கரத்துக்கு முன்னால தரையில ஊத்து, லாலி. அந்த பானட் ரொம்பக் கனம், தனியாத் திறந்தா உன் கைவிரல் நசுங்கிடும்."