ஒரு குழலில் இரண்டு குண்டுகள்

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒரு தடவை எழுதிவிட்டேன். இரண்டரைப் பக்கம். தலைப்பு ‘விபத்து அறிக்கை’. மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள், ஒருவர்கூட ஒரு வரியைத் திருத்தவில்லை. பத்து வருடமாகச் சிறுபத்திரிகைகளுக்குக் கதை அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கும் எனக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததே இல்லை.

காவலர் பயிற்சிக்கூடத்தில் நான் எழுத்தர். தபால் வாங்குவது, முத்திரை குத்துவது, ஃபைல் கட்டுவது, மேலே இருப்பவர்கள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வது. அந்தக் கடைசி வேலையை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அதனால் மறுபடி எழுதுகிறேன், இந்தத் தடவை நடந்தபடி.

(‘நடந்தபடி’ என்று சொல்லிக்கொண்டு வருகிற எழுத்தாளனை நம்பாதீர்கள். ஐந்தாம் பகுதியில் நானே பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறேன்.)

2

முதல் தொடக்கம்:

‘பத்துத் துப்பாக்கிகள் ஒன்றாய் முழங்கிய அந்தக் காலையில், பறவைகள் திடுக்கிட்டு—’

பறவையாம் பறவை. சுடுதளத்தைச் சுற்றிக் கால் மைலுக்கு ஒரு காக்கா உட்காராது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

‘அவளுடைய வலது கையில்—’

முடியவில்லை. பிறகு வருகிறேன்.

மூன்றாவது, அறிக்கையிலிருந்து அப்படியே: ‘மேற்படி பயிற்சிக் காவலர், தமது ஆயுதத்தில் ஏற்பட்ட கோளாறைக் கவனியாது மீண்டும் சுட்டமையால், தாமே தமக்குக் காயம் விளைவித்துக்கொண்டார்.’

தாமே! பார்த்தீர்களா? ஒரு சொல்லில் பழி முழுக்க அந்தப் பெண் தலையில். எல்லாரும் கை கழுவியாயிற்று, சோப்புகூட வேண்டியிருக்கவில்லை.

மூன்றையும் அண்ணியிடம் காட்டினேன். அண்ணி, என் அண்ணன் மனைவி. அதே பயிற்சிக்கூடத்தில் ஆயுதக் கிடங்குக்குப் பொறுப்பு. எண்ணெய்க் கறை படிந்த விரலால் தாளைத் தள்ளிவிட்டாள்.

“பறவை, கத்திரிக்கா எல்லாம் எதுக்கு தம்பி? அந்தச் சத்தத்துல இருந்து ஆரம்பி. புஸ்ஸுன்னு.”

3

புஸ்.

அண்ணி சொன்னதை அவள் வாயாலேயே தருகிறேன். நான் அழகுபடுத்தினால் கெட்டுப்போகும்.

“தோட்டாக்குள்ள மருந்து இருக்கணும். அடைக்கிறவன் மருந்து போட மறந்துட்டான்னு வை, அடியில இருக்கற பொட்டு மட்டும் வெடிக்கும். டமால்னு கேக்காது, புஸ்ஸுன்னு கேக்கும். தோட்டா முனையில இருக்கற குண்டு பாதி வழி போயி குழலுக்குள்ள உக்காந்துக்கும். கொஞ்சம் உள்ள தள்ளி உக்காந்துச்சுன்னா பின்னாடி அடுத்த தோட்டா நல்லாவே ஏறும். வினையே அதான். அதையும் சுட்டா, அந்த வேகம் எங்க போகும்? முன்னாடி வழி இல்ல. குழலைக் கிழிச்சுக்கிட்டு சுடுறவ கைக்குத்தான் வரும்.”

“புஸ்ஸுன்னு கேட்டா என்ன செய்யணும் அண்ணி?”

“ஒண்ணும் செய்யக் கூடாது. அதான் கஷ்டம். விரலை எடுக்கணும். குழலை இலக்கு பக்கமே பிடிச்சுக்கிட்டு முப்பது எண்ணணும். அப்புறம் எல்லாத் தோட்டாவையும் வெளிய எடுத்துட்டு, கையைத் தூக்கி என்னைக் கூப்பிடணும்.”

கூப்பிட்டால் அண்ணி துப்பாக்கியை வாங்கிக் கிடங்குக்குக் கொண்டுபோவாள். குழலைத் தனியே கழற்றி, ஒரு பித்தளைக் கம்பியை உள்ளே விடுவாள். கம்பியில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு. கோடு குழல் வாயோடு ஒட்டி நின்றால் வழி சுத்தம். வெளியே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. இரண்டு சொட்டு எண்ணெய், மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டு, தட்டு, தட்டு. ஐந்து நிமிடத்தில் குண்டு மேசைமேல் உருண்டு விழும். இரும்புக் கம்பி ஆகாது, உட்புறம் கீறிவிடும். இன்னொரு தோட்டாவால் சுட்டுத் தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவனைக் கிடங்குப் பக்கம் சேர்க்க மாட்டாள்.

(இலக்கிய நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, “தொண்டையில் சிக்கிய சொல்லின் படிமம்” என்றார். அடச்சீ! அது குண்டு. ஈயக் குண்டு. ஒருத்தியின் கையைக் கிழித்திருக்கிறது. படிமமாம், மண்ணாங்கட்டி.)

4

எங்கள் தலைமை அதிகாரிக்கு அலுவலகத்தில் பெயர் ஸ்டாப்வாட்ச். கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும். கழிவறைக்குப் போகிறவனைக்கூட அதைப் பார்த்துக்கொண்டுதான் அனுப்புவார்.

அவர் கொண்டுவந்த பயிற்சி இது: துப்பாக்கி சுடாமல் நின்றால் யோசிக்காதே. தட்டு, இழு, சுடு. தோட்டா அடைத்த மேகசினை அடியில் தட்டு, மேல்பகுதியைப் பின்னால் இழு, மறுபடி சுடு. இரண்டு விநாடிக்குள். காலையில் மைதானத்தில் நாற்பது பேரும் கோரஸாகக் கத்துவார்கள்: தட்டு! இழு! சுடு!

தோட்டா சரியாக ஏறாமல் நின்றால் இது நல்ல வைத்தியம். குண்டு குழலில் உட்கார்ந்திருக்கும்போது இது தற்கொலை. அண்ணி அவரிடமே போய்ச் சொன்னாள், நான் தபாலோடு வாசலில் நின்று கேட்டேன்.

“சார், தட்டுறதுக்கு முன்னாடி ‘கேளு’ன்னு ஒண்ணு சேருங்க. சத்தம் சரியான்னு கேட்டுட்டு அப்புறம் தட்டட்டும்.”

“எதிரி வந்து நிக்கறப்ப காது குடுத்து கேட்டுக்கிட்டு இருப்பாங்களாம்மா?”

“எதிரி எப்ப வருவானோ தெரியாது சார். புஸ்ஸுங்கற தோட்டா நேத்தே வந்துருச்சு.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எழுத எனக்குப் பொறுமை இல்லை.

அந்தக் குழுவிலேயே வேகமானவளுக்கு ‘மின்னல்’ என்று அவரேதான் பெயர் வைத்தார். எல்லார் முன்னாலும் கைதட்டினார். அவள் நேரம் ஒன்றரை விநாடி. அதைக் கரும்பலகையில் எழுதி, அழிக்கக் கூடாது என்று சுற்றிக் கட்டமும் போட்டுவைத்தார்.

5

இரண்டு வாரத்தில் அண்ணி ஏழு குழல்களிலிருந்து ஏழு குண்டுகளைத் தட்டி எடுத்தாள். எல்லாம் பயிற்சிக்கென்று புதிதாக வந்த ஒரே பெட்டி வகை. ஒவ்வொரு தடவையும் ஒரு கடிதம்: ‘இவ்வகைத் தோட்டாக்களை உடனே நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ ஏழாவதில் ‘கேட்டுக்கொள்கிறேன்’ போய் ‘எச்சரிக்கிறேன்’ வந்துவிட்டது.

ஏழு கடிதங்களும் விபத்துக்குப் பிறகு காணாமல் போய்விட்டன.

இந்த இடத்தில் அண்ணி படிப்பதை நிறுத்தினாள்.

“காணாமப் போச்சா? கடுதாசிக்கு என்ன, காலா முளைச்சுது?”

அவள் தாளைக் கீழே வைத்தாள்.

“ஏழையும் உன் கையிலதான் குடுத்தேன். முத்திரை குத்தி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு வாங்கின. இதுல ஸ்டாப்வாட்ச் வர்றாரு, நான் வர்றேன், அந்தப் பொண்ணு வருது. நீ எங்கடா?”

இருபது வருடத்தில் அண்ணி என்னை ‘டா’ போட்டதில்லை.

சரி. சொல்லித் தொலைக்கிறேன். முதல் ஐந்து கடிதங்களை மேலே அனுப்பினேன், ‘பிறகு பார்க்கலாம்’ என்று பென்சிலில் எழுதித் திரும்பி வந்தன. ஆறாவதையும் ஏழாவதையும் நான் அனுப்பவே இல்லை. ‘இந்தம்மாவுக்கு வேற வேலையில்லை, நீயும் தூக்கிக்கிட்டு வந்துடற’ என்று ஸ்டாப்வாட்ச் ஒருநாள் என்னிடம் எரிந்து விழுந்திருந்தார். அதற்குப் பயந்து ஃபைலுக்குள் செருகினேன். விபத்து நடந்த மத்தியானம், “அந்தப் பேப்பரெல்லாம் ஃபைல்ல வேணாம்” என்றார். எடுத்துவிட்டேன். கிழித்துப் போடச் சொன்னார். அதை மட்டும் செய்யவில்லை. என் இழுப்பறையில் இருக்கின்றன.

கிழிக்காததற்காக என்னைப் பாராட்டலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் தயவுசெய்து வேண்டாம். வீரத்தால் அல்ல, கிழிக்கவும் பயம்.

6

இப்போது எழுத முடிகிறது என்று நினைக்கிறேன்.

காலை பத்தே கால். பத்துத் தடுப்பு, பத்துப் பேர், காதில் அடைப்பான். மூன்றாம் தடுப்பில் மின்னல். பின்னால் ஸ்டாப்வாட்ச், கட்டைவிரல் பொத்தான்மேல். நான் வருகைப் பதிவேட்டோடு வாசலில்.

ஒன்பது துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே ஒரு புஸ் யாருக்குக் கேட்கும்? கிடங்கு வாசலில் நின்ற அண்ணிக்குக் கேட்டது. சத்தம் கேட்டதா, மூன்றாம் தடுப்பில் சுட்டும் கை உதறாததைப் பார்த்தாளா, அவளுக்கே தெரியவில்லை. “நிறுத்து!” என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

தட்டு. இழு. சுடு.

ஒன்றரை விநாடி. அண்ணி நாலு எட்டுதான் வைத்திருந்தாள்.

(அறிக்கையில்: ‘எச்சரிக்கைக் குரல் எதுவும் எழுப்பப்படவில்லை.’ வாசலில் நின்ற என் காதில் விழுந்தது. மறுநாள் அதே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து தட்டச்சு செய்தேன்.)

குழல் பக்கவாட்டில் பிளந்தது. மின்னல் துப்பாக்கியைக் கீழே போடவில்லை, இலக்கைப் பார்த்தே பிடித்திருந்தாள், அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். ரத்தம் முழங்கை வரைக்கும் வழிந்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இனி மடங்காது என்கிறார் மருத்துவர்.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். பார்க்கப் போகவில்லை, வாக்குமூலத்தில் கைரேகை வாங்க அனுப்பினார்கள். வலது கை முழுக்கக் கட்டு. இடது கைப் பெருவிரலில் மை தடவும்போது கேட்டாள்:

“அண்ணே, அறிக்கையில என் நேரம் போட்டிருக்காங்களா?”

“என்ன நேரம்மா?”

“ஒண்ணரை செகண்டுண்ணே. லேட் பண்ணலைண்ணே. அவர் சொன்ன மாதிரியேதான் செஞ்சேன்.”

அவள் கண்ணில் குற்றம் செய்துவிட்ட பயம். குற்றம் செய்தவர்கள் யார் கண்ணிலும் அன்று அதை நான் பார்க்கவில்லை, என் வீட்டுக் கண்ணாடியில் தவிர.

7

திங்கட்கிழமை விசாரணை. வெளியிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். என் அறிக்கை அப்படியே நின்றால், ‘சொந்தக் கவனக்குறைவு’ என்று மின்னலை வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள். சிகிச்சைக்கும் பொறுப்பில்லை என்று கை விரித்துவிடுவார்கள். விரிக்க அவர்களுக்குக் கை இருக்கிறது.

நேற்று அண்ணிக்கு ஓர் உத்தரவு வந்தது. தட்டச்சு செய்தவன், வேறு யார், அடியேன்தான். ‘சேதமுற்ற குழலிலுள்ள அடைப்பை நீக்கி, உடைசலில் சேர்க்கவும்.’

அண்ணி குழலைத் துணியில் சுற்றி, அடையாளச் சீட்டுக் கட்டி, பூட்டி வைத்திருக்கிறாள். கம்பியை இரண்டு பக்கமிருந்தும் விட்டு அளந்தபோது அடைப்பு இரண்டு குண்டு நீளம் இருந்ததாம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் உள்ளேதான் இருக்கின்றன.

“இத்தனை வருஷமா மாட்டினதை எல்லாம் தட்டித் தட்டி எடுத்தேன். இதைத் தட்ட மாட்டேன். வேலை போனா போகட்டும்.”

“அப்போ அது போதுமே அண்ணி. குழலே சாட்சி சொல்லுமே.”

“என்ன நடந்துச்சுன்னு குழல் சொல்லும். தெரிஞ்சே நடந்துச்சுன்னு உன் இழுப்பறைதான் சொல்லணும்.”

8

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: ஸ்டாப்வாட்ச் மனம் திருந்தி மருத்துவமனைக்குப் பழக்கூடையோடு—

சிரிக்காதீர்கள், களைப்பில் எழுதியது.

இரண்டு: எழுத்தர் விசாரணை அறைக் கதவை உதைத்துத் திறந்து, கடிதங்களை மேசைமேல் வீசி—

கதவை உதைக்கிற ஆளா நான்? அந்தக் கதவுக்கே சிரிப்பு வரும்.

மூன்றாவதுதான் இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கையெழுத்துப் பிரதி, ஒன்றே ஒன்று. பக்கத்தில் முகவரி எழுதிய இரண்டு உறைகள். ஒன்றில் பத்திரிகை ஆசிரியர். மற்றதில் விசாரணை அதிகாரி. அதில் போட்டால் ஏழு கடிதங்களையும் சேர்த்துப் பின் குத்த வேண்டும். ஏழிலும் என் முத்திரை, என் தேதி, என் கையெழுத்து. ஸ்டாப்வாட்சோடு என் வேலையும் போகும்.

நகல் எடுத்து இரண்டு பேருக்கும் அனுப்பலாமே என்பீர்கள். முடியாது. பத்திரிகையில் வந்தால் மேலே ‘சிறுகதை’ என்று போடுவார்கள். என்றைக்கு வந்தாலும் ஸ்டாப்வாட்ச் அதைத் தூக்கிக் காட்டுவார்: “இவர் கதை எழுதறவர் சார். கடிதமும் இவர் எழுதினதுதான்.” மின்னலின் கடைசி வழியையும் நானே அடைத்த மாதிரி ஆகிவிடும்.

தபால்காரர் நாலு மணிக்கு வருவார். இப்போது மணி மூன்று ஐம்பத்தைந்து.

ஆகவே, முடிவு என்ன என்பது நீங்கள் இதை எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

விசாரணை அறையில் படிக்கிறீர்கள் என்றால், ஐயா, பின்னால் புரட்டுங்கள், ஏழு தாள் இருக்கும். பென்சில் எழுத்து யாருடையது என்று கேளுங்கள். பிறகு ஆயுதக் கிடங்கு அம்மாவைக் கூப்பிடுங்கள், துணிப்பொட்டலத்தோடு வருவாள். அந்தப் பெண்ணை நிற்க வைக்காதீர்கள். வலது கையால் கையெழுத்துக் கேட்காதீர்கள்.

வீட்டில், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஒரு பத்திரிகையிலோ புத்தகத்திலோ படிக்கிறீர்கள் என்றால், பின்னால் புரட்டிப் பாருங்கள். அடுத்தவர் கதை இருக்கும்.

அப்படி இருந்தால், நன்றாக எழுதியிருக்கிறான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.